பத்தாவது ஆள்

ஆறு ஆள் தாண்டும்வரை பெட்டி வாயைத் திறக்கவில்லை.

ஏழாவதாக நின்ற பக்தவச்சலத்தின் சட்டைப் பையருகே போனதும் ‘பீப் பீப்’ என்று கத்தியது பாருங்கள், காசிமேட்டில் நங்கூரம் போட்ட படகுகள்கூட ஒருமுறை திடுக்கிட்டிருக்கும்.

பக்தவச்சலம் இளித்துக்கொண்டே பைக்குள்ளிருந்து மேண்டிலை எடுத்துக் காட்டினார். அந்தக் காலத்தில் அந்தோணியார் சப்பரத்துக்கு முன்னால் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலைத்துணி. அதில் துளியூண்டு கதிர்வீச்சு உண்டு. அது யார் பையில் இருக்கிறது என்பது, வைத்திருப்பவரைத் தவிர, பெட்டியைச் சோதிக்க வந்த அதிகாரி கௌசருக்கு மட்டும்தான் தெரியும்.

ராயபுரத்துத் தெருவே கைதட்டியது.

சிலுவைமுத்து சிரிக்கவில்லை. இன்னும் மூன்று பேர் பாக்கி.

துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஏதாவது விபத்து நடந்தால், கதிர்வீச்சு பட்டவர்களை வரிசையில் நிற்கவைத்துக் கண்டுபிடிக்க, சிவில் டிஃபன்ஸ் தொண்டர்களுக்கு மலிவாக ஒரு கருவி செய்திருந்தார். அலுமினிய டிபன் பாக்ஸுக்குள் அதை அடைக்க மூன்று வருஷம் ஆனது. அதற்குள் அவர் விழுங்கிய சால்டரிங் புகையை எண்ணூர்ப் புகைபோக்கிகள் எல்லாம் சேர்ந்தும் விட்டிருக்காது.

மேண்டில் இல்லாத ஒருவரிடம் கத்தினாலும் போச்சு. ‘பொய்ச் சத்தம்’ என்று படிவத்தில் ஏறும். பெட்டி பரணில் ஏறும்.

எட்டாவது ஆள் அங்கம்மா, மீன் கூடையோடு.

“இன்னா நைனா, என் வஞ்சரம் நேத்து புட்ச்சதா இன்னிக்கு புட்ச்சதான்னு இது சொல்லிடுமா?”

“சொல்லிடும். அதான் கூடைய மறைச்சிகினு நிக்கிற.”

பெட்டி மௌனம். ஒன்பதாவது ஆளிடமும் மௌனம்.

பத்தாவது ஆள் வரவேயில்லை. சிலுவைமுத்து வீட்டுக்குள் குரல் கொடுத்தார்.

“எனக்கு அடுப்புல வேலை கீது. வேற யாரையாச்சும் நிக்க வை,” என்றாள் அவர் மனைவி அடைக்கலமேரி.

“ரெண்டு நிமிசம் நில்லேன்டி. பொட்டி உன்ன கடிச்சிடுமா?”

நேற்று தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போய்வந்ததிலிருந்தே அவள் ஒரு மாதிரிதான். ஜலதோஷம் என்று பேத்தியைக்கூடத் தூக்கவில்லை.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாலடி தூரத்திலேயே பெட்டி அலறியது.

சிலுவைமுத்து பெட்டியைத் தட்டினார். பேட்டரியை மாற்றினார். மேண்டில் தூசி ஒட்டியிருக்கும் என்று அவளை மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவவைத்தார். உள்ளே போனால் அடங்கியது. வெளியே வந்தால் அலறியது. மின்கம்பத்தைச் சந்தேகப்பட்டார். அங்கம்மாவின் வஞ்சரத்தையும் விடவில்லை.

“என் பொட்டி பொய் சொல்லாது மேடம்,” என்றார்.

கௌசர் மனமில்லாமல் பேனா மூடியைத் திறந்தாள்.

“எழுதாதீங்க மேடம்,” என்றாள் அடைக்கலமேரி. “பொட்டி சரியாத்தான் சொல்லுது. நேத்து நான் அக்கா வூட்டுக்குப் போவல. ஒரு மாசமா நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தாங்க. அந்த மருந்துலயும் கதிர்வீச்சு கீதாம், அது ஒடம்ப வுட்டுப் போறவரைக்கும் கொழந்தைய தூக்கக் கூடாதுன்னாங்க.” புருஷனைப் பார்க்காமலே சேர்த்துக்கொண்டாள். “பொட்டி பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

அங்கம்மா கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

கௌசரின் பேனா பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது. “பாஸ் சார்,” என்றாள் மெதுவாக.

சிலுவைமுத்து பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

“இல்ல மேடம். இவளுக்கு ஒண்ணுமில்ல. பொட்டிதான் கெட்டுப் போச்சு. பொய்ச் சத்தம்தான். எழுதிக்கோங்க.”