மங்குஸ்தான் மரத்தடியில் ஒரு திருட்டு

ஊர் கேட்கச் சத்தம் போட்டே சொல்கிறேன்: இதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும், பாதி மீசையை எடுத்துவிட்டுக் கடைத்தெருவில் நடக்கிறேன்.

எங்கள் தெருக்காரர் ஒருவர், முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் இன்னமும் 'டிரைவர்'தான். அவர் வீட்டு வாசலோரம் ஒரு மங்குஸ்தான் மரம். சுற்றுவட்டாரத்தில் வேறு கிடையாது. ஒன்பது வருஷமாகக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தும் ஒரு பிஞ்சு இல்லை. மரத்தில் ஓர் இலை உதிர்ந்தால் இவர் தலையில் நாலு முடி உதிரும்.

போன மாதம் மகன் சொல்லிவிட்டான்.

"அப்பா, இந்தப் பருவமும் காய்க்கலேன்னா வெட்டிடலாம். அவ காரு வெயில்ல காயுது. அந்த இடத்துல ஷெட் போட்டுடலாம்."

'அவ' என்றால் மருமகள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள். அதிகம் பேசமாட்டாள்.

டிரைவருக்குச் சோறு இறங்கவில்லை. நர்சரிக்காரர் சொன்னது மாதம் ஒரு டம்ளர் குருணை உரம். இவர் மனசு கேட்காமல் இரண்டு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வீடே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. மரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்து போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

மரத்தடியில் மருமகள். பழைய கரண்டியால் மேல்மண்ணைச் சுரண்டிச் சுரண்டி வாளியில் போடுகிறாள். அவர் போட்ட உரம் மொத்தமும் அதில். வாளியைத் தூக்கிப் போய்ப் பக்கத்துக் காலி மனையில் கொட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போகிறாள்.

மனைவியை உலுக்கி எழுப்பினார்.

"உன் மருமக உரத்த வாரிக் கொட்டுறா."

"அதானே பார்த்தேன். ஷெட்டுக்கு அவசரம். மரத்தைப் பட்டினி போட்டுக் கொல்றா."

"இப்பவே போய்க் கேக்கறேன்."

"நீங்க கேட்டா லாரி ஹாரன் அடிச்ச மாதிரி இருக்கும், தெருவே திரும்பிப் பார்க்கும். தெரிஞ்ச ஆள ஒருத்தரக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. அப்புறம் கேளுங்க."

மறுநாள், மனைவி கண் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் நர்சரிக்காரர் வந்தார். குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிள்ளி மோந்தார்.

"உரம் யாரு போடறது?"

"நான் ஒருத்தன்தான்."

"நாலு பேர் கை வச்ச மாதிரி இருக்கே." உள்ளங்கையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தார். "குருணை உங்களோடது. இது கடலைப் புண்ணாக்கு."

ரோஜாத் தொட்டிக்கென்று மனைவி வாங்கிய புண்ணாக்கு அது.

"இது ஆட்டுப் புழுக்கை."

மாடியில் குடியிருக்கும் மச்சினன் போன வாரம் ஒரு மூட்டையோடு படியேறினான். என்னவென்று கேட்டதற்குப் பழைய துணி என்றான்.

"இந்த மஞ்சள் குண்டு வெளியூர்ச் சரக்கு. விலை ஜாஸ்தி."

அந்த டப்பாவை டிரைவர் பார்த்திருக்கிறார், மகனின் ஆபீஸ் பையில். வைட்டமின் மாத்திரை என்று நினைத்திருந்தார்.

"ஐயா, இத்தனையும் வேருக்கு இறங்கினா எந்த மரம் தாங்கும்? இத்தனை வருஷமா பூக்காததே தின்னு தின்னு மலைச்சுப் போனதாலதான். நல்லவேளை, ஒரு வருஷமா யாரோ வாரம் தவறாம மேல்மண்ண வழிச்சு எடுத்திருக்காங்க. இல்லேன்னா கருகியிருக்கும். அங்க பாருங்க."

கிளை நுனியில் சுண்டைக்காய் அளவுக்கு மொட்டுகள்.

சாயங்காலம் மருமகள் செருப்பைக் கழற்றும்போதே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"யார்கிட்ட மாமா சொல்றது? அத்தைகிட்டப் போய் உங்க புண்ணாக்கு வேணாம்னா? உங்க பிள்ளை வெட்டிடுவேன்னு வாயால சொல்லிட்டு, காலைல யாரும் பார்க்காதப்போ குண்டு போட்டுட்டு மரத்தத் தடவிக் கொடுக்கறாரு. அந்த முகத்தப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது?"

"உன் காரு?"

"பெயிண்ட்தானே போகும், போகட்டும்."

மனைவி வந்து, "கேட்டீங்களா?" என்றாள்.

"அவ களை எடுத்திருக்காடி. உன்னோட நானும் கண் டாக்டர்கிட்ட வந்திருக்கணும்."

அந்தப் பருவம் பதினோரு பழம். ஊதா ஓட்டை உடைத்து வெள்ளைச் சுளையை வாயில் போட்டதும் ஆளாளுக்கு ரகசியம் வெளியே வந்தது.

"இப்பச் சொல்றேன், எல்லாம் என் புண்ணாக்கு."

"போக்கா. புழுக்கை போட்டவன் நான்."

"ரெண்டும் இல்ல மாமா, என் குண்டு," என்றான் மகன்.

டிரைவர் வாயைத் திறந்தார். எதிரே மருமகள் தட்டைப் பார்த்தபடி சுளையின் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"புண்ணாக்குதான்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியிடம் தோற்றது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிறு மதியம் மருமகள் வாளியோடு வந்தாள். அவளுக்கு முன்பே மரத்தடியில் பெரிய வாளியோடு டிரைவர் குந்தியிருந்தார்.

"காய்ச்ச குஷியில எல்லாரும் ரெண்டு மடங்கு போட்டிருக்காங்கம்மா," என்றார். கொஞ்சம் கழித்து, தலை நிமிராமல், "நானும்தான்," என்றார்.

நான் சொன்னேன் என்று மட்டும் எங்கேயும் மூச்சு விட்டுவிடாதீர்கள். தன் உரத்தில்தான் காய்த்தது என்று அந்த வீட்டில் இன்னும் மூன்று பேர் சந்தோஷமாக இருக்கிறார்கள்.