முதுகுச் சீட்டு

"மத்தியானத்துக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும் மாரிட். அந்தப் புரோகிராமை எழுதினது யாரோ, அந்த ஆள் இன்னிக்கே வீட்டுக்குப் போகணும்."

முதலாளி ஹால்வர்சன் சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினார்.

மாரிட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டுலூத் நகரத்துப் பத்திரிகை ஒன்றின் பழைய புகைப்படங்களைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தது இவர்கள் கம்பெனி. மாற்றியதில் ஒருவர் எடுத்த படத்துக்கு இன்னொருவர் பெயர் விழுந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போவோம் என்கிறார்கள்.

தப்பு எந்தப் புரோகிராம் கோப்பில் என்பது நேற்றே தெரிந்துவிட்டது. பெயர் இல்லாத படம் வந்தால் கம்ப்யூட்டர் "இல்லை" என்று பதில் சொல்லும். எழுதிய புண்ணியவான் அந்தப் பதிலைக் காதில் வாங்காமல், முந்தின படத்தின் பெயரையே இதற்கும் ஒட்டிவிட்டான். எழுதிப் பல வருஷமாகிவிட்டது. எழுதியது யார் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

ஆனால் அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோப்பை முதன்முதலாகச் சேமிக்கும்போதே, எழுதியவர் பெயர் அதன் முதுகில் சீட்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும். கோப்பைத் திறந்து படித்தால் தெரியாது. தனியாகப் புரோகிராம் எழுதிக் கேட்டால்தான் சொல்லும்.

மாரிட் 'சி' என்கிற கம்ப்யூட்டர் மொழியில் அவசர அவசரமாக ஒன்று தட்ட ஆரம்பித்தாள். டீம் லீடர் ஆயிற்றே, பெயர் கொடுக்காவிட்டால் தன் தலைதான் உருளும் என்ற பயம். கணவன் டேலுக்கு இரும்புச் சுரங்கத்தில் வேலை போனதிலிருந்து, குடும்பத்துக்கே மருத்துவ இன்ஷூரன்ஸ் இவள் வேலையை நம்பித்தான் இருக்கிறது.

எதிர் மேஜையில் வெண்டல் நிம்மதியாக டோனட் தின்றுகொண்டிருந்தான். மகளுக்கு ஹாக்கி பயிற்சி என்று மூன்று மணிக்கே நழுவுகிற ஆசாமி.

"நீ அடிக்கிற அடியில கீபோர்டு அழுவுது மாரிட். பாதி டோனட் தரட்டுமா?"

"உனக்கு எல்லாமே விளையாட்டு. இங்க ஒருத்தருக்கு வேலை போகப்போகுது."

"தப்பைத்தான் நான் நேத்தே திருத்திட்டேனே. யாருன்னு தெரியாமலே விட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

"ஏன், உனக்கு உதறுதா?"

வெண்டல் டோனட்டை இன்னொரு கடி கடித்தான்.

புரோகிராம் ஓடியது. கோப்புகளும் பெயர்களும் திரையில் வரிசையாக இறங்கின. அந்தக் கோப்புக்கு நேரே நின்ற பெயர், வெண்டல்.

மாரிட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அதான் நீயே முந்திக்கிட்டு வந்து திருத்தினியா! இங்க வந்து பாரு. கேட்ட கேள்விக்கு என்ன பதில் வந்துச்சுன்னுகூடப் பார்க்காம எழுதறவனுக்கு எதுக்கு இந்த உத்தியோகம்?"

வெண்டல் எழுந்து வந்து திரையைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"பட்டியல்ல இதுக்கு மேல இருக்கிற கோப்பு என்னோடதுதான். இந்த ஒண்ணை மட்டும் தனியா கேளு."

"எதுக்கு?"

"கேளேன், தாயே."

கேட்டாள். பெயர் வரவில்லை. ஏதோ குப்பை எழுத்துகள் வந்தன.

மாரிட் தன் புரோகிராமை மேலிருந்து கீழே படித்தாள். அந்தக் கோப்பின் முதுகில் சீட்டே இல்லை. கம்ப்யூட்டர் ஒழுங்காக "இல்லை" என்றுதான் சொல்லியிருக்கிறது. இவள்தான் அதைக் காதில் வாங்காமல், முந்தின கோப்பின் பெயரையே இதற்கும் எழுதவிட்டிருக்கிறாள். அதே தப்பு.

வெட்கத்தில் அவள் காது மடல் சிவந்துவிட்டது. "அவசரத்துல கவனிக்கல வெண்டல்..."

"அதை எழுதினவங்களும் அவசரத்துலதான் எழுதியிருப்பாங்க."

கதவு திறந்தது. "பேர் கிடைச்சுதா?" என்றார் ஹால்வர்சன்.

"கோப்புல பேரே ஒட்டல பாஸ்!" மாரிட் வாயைத் திறப்பதற்குள் வெண்டல் முந்திக்கொண்டான். "எல்லாத்தையும் சரி பண்ணியாச்சுன்னு பத்திரிகைக்குச் சொல்லிடுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

மாரிட்டுக்கு மனசு ஆறவில்லை. "நம்ம ஆபீஸ்ல சீட்டு இல்லாத கோப்பே கிடையாதே. இதுல மட்டும் எப்படி இல்லாம போச்சு?"

வெண்டல் மீதி டோனட்டை அவள் மேஜையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நேத்து திருத்தும்போது இருந்துச்சு. நான்தான் கிழிச்சுப் போட்டேன். அதுல உன் பேர் இருந்துச்சு, மாரிட். டேல் ஒருத்தன் வீட்டுல உக்காந்திருக்கறது போதாதா?"