மாப்பிள்ளை கேட்ட சேர்வர்

“இதில உள்ள சாமான் எல்லாம் உங்கிட்ட இரிக்கா தம்பி?”

வரிப்பத்தான்சேனையில் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்த போடியார் ஸைனுலாப்தீன் மேசையில் விரித்த கடதாசியைப் படித்ததும் அபூசாலிக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. 1998இல் கல்முனையில் கொம்பியூட்டர் கடை போட்டவனுக்கு இப்படியொரு பட்டியல் கையில் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? இரண்டு ப்ரொசெசர், நாலு ஹார்ட் டிஸ்க், 512 எம்.பி. மெமரி, பெரிய யூ.பி.எஸ். ஒன்று.

“போடியார், இது சேர்வர்! வீட்டில உள்ள மத்தக் கொம்பியூட்டருக்கெல்லாம் பெரியாள் மாதிரி. ஸ்கிரீன்கூட இல்லாம ஒரு மூலையில கிடந்து இராப்பகலா ஓடும். ஆருக்கு இது?”

“நம்மட மைமூனாக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளைக்கு. கட்டார்ல கொம்பியூட்டர் இஞ்சினியர். வீடு மட்டும் காணாதாம். இதையும் வெச்சித் தரட்டாம் எண்டு தரகர் கடதாசி தந்திட்டுப் போனார்.”

மகளுக்கென்று கல்முனையில் போடியார் மாடி வீடு கட்டி முடித்திருந்தார். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை குடிவரப்போவது அங்கேதான். வருகிறவர் சேர்வரோடு சேர்ந்து வாழ ஆசைப்பட்டால் யார் என்ன சொல்ல முடியும்?

அபூசாலி நேர்மையான ஆள். உள்ளதைச் சொன்னான்.

“ஒரு வீட்டுக்கு நாலு டிஸ்க் என்னத்துக்கு? ரெண்டு போதும். ஒண்டு பழுதானா மத்தது கை குடுக்கும். யூ.பி.எஸ்ஸை மட்டும் நல்லதாப் போடுங்க. நம்மட ஊர்ல கரண்ட் படுற பாடு உங்களுக்குத் தெரியும்தானே. மறுகா, கடல் காத்து உப்பு. காத்து உள்ளுக்குப் போற இடத்தில ஃபில்டர் போட்ட பெட்டியா எடுக்கணும்.”

போடியார் விடவில்லை. மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவரைப் போல ஒவ்வொரு சாமானையும் கையில் வாங்கி, இது என்ன செய்யும், இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு மணித்தியாலம் குடைந்தார். கடைசியில் எழுந்து நின்றார்.

“சரி. இதையெல்லாம் திரும்ப அலுமாரியில வைங்க. எனக்கு வெறும் பெட்டியை மட்டும் தாங்க.”

“பெட்டியை மட்டுமா?”

“ஓம். ஃபேன் சுத்தணும், லைட் மின்னணும். பாரத்துக்கு உள்ளுக்கு ஒரு செங்கல்லு வெச்சா சரி.”

நெல் மூட்டைக்குள் பதரைக் கலந்து விற்கிற ஆள் என்று போடியாரைப் பற்றிச் சந்தையில் ஒரு கதை உண்டு. அதை அபூசாலி நம்பியதில்லை. இப்போது நம்பினான்.

“போடியார், அவர் இஞ்சினியர். அஞ்சு நிமிஷத்தில பிடிச்சிருவார்.”

“எப்பிடிப் பிடிப்பார்?” போடியார் கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

“ஸ்கிரீன் ஒண்டைக் கொழுவித் தரச் சொல்லுவார். இல்லாட்டி மூடியைக் கழட்டிப் பார்ப்பார்.”

“வேற ஒண்டும் இல்லையே?” என்று கேட்டு, திருப்தியாகத் தலையாட்டினார்.

அபூசாலி மறுத்திருப்பான். ஆனால், கடை இருந்ததே போடியாரின் கட்டடத்தில். மைமூனாவை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. அவனுடைய தங்கச்சியோடு படித்தவள், அமைதியான பிள்ளை. குட்டு வெளிப்பட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனால், ஊர் வாயில் அரைபடப்போவது அவள்தான்.

வியாழக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே அபூசாலி பெட்டியைக் கொண்டுபோய் மண்டபத்தில் வைத்து, வயர் கொடுத்தான். ஸ்குரூ டிரைவரை அவன் எடுக்கப் போனபோது போடியார் தடுத்தார்.

“அது பெட்டிக்கு மேலயே கிடக்கட்டும்.”

களவையும் செய்துவிட்டு அதைத் திறக்கிற ஆயுதத்தையும் பக்கத்தில் வைக்கிறாரே, மனுசனுக்கு மூளை பிசகிவிட்டதா என்று அபூசாலி பதறினான். வாய் திறக்க நேரமில்லை. வாசலில் கார் வந்து நின்றது.

சம்பந்தம் பேசிய தரகர் முன்னால் வர, மாப்பிள்ளை அப்துல் ஸமட் கறுப்புக் கண்ணாடியும் கழுத்துப் பட்டியுமாகப் பின்னால் வந்தார். அவருக்கு முன்பே அவருடைய அத்தர் வாசம் வந்துவிட்டது. வீட்டைப் பெயருக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேரே பெட்டிக்கு முன்னால் போய்க் குந்தி, சுவிட்சைப் போட்டார்.

ஃபேன் உறுமியது. பச்சை லைட் மின்னியது. அபூசாலி தனக்குத் தெரிந்த துஆக்களையெல்லாம் ஓதத் தொடங்கினான்.

மாப்பிள்ளை பெட்டியில் உள்ளங்கையை வைத்தார். காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“ரெண்டு ப்ரொசெசரும் நல்லா ஓடுது. சத்தத்திலேயே தெரியும்.”

“மெமரி எப்பிடி மருமகன்?” போடியார் பவ்வியமாகக் கேட்டார்.

“512 சரியா இரிக்கி. டிஸ்க் நாலும் மாஷா அல்லாஹ், சரியான ஸ்பீட். கட்டார்ல எங்கட ஒஃபிஸ்லயும் இதே சாமான்தான்.”

“ஒரு ஸ்கிரீனைக் கொழுவிப் பாத்தாலென்ன? எடுப்பிக்கட்டா?”

“என்னத்துக்கு மாமா? எத்தினை வருசம் இதோட கிடக்கிற நாங்க!”

அபூசாலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் வருத்தமும் வந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு மனிதரை ஏமாற்றலாம் என்றால், உலகத்தில் போடியார்கள்தான் பிழைப்பார்கள்.

“கையைக் கழுவிட்டு வாங்க மருமகன், சாப்பிடுவம்” என்று போடியார் அவரைக் கிணற்றடிக்கு அனுப்பினார். பிறகு தரகரின் பக்கம் திரும்பி, சட்டைப் பையிலிருந்த பட்டியலை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“வயிறு நிறையத் தின்ன வெச்சி ஆளைக் கூட்டிட்டுப் போங்க. ‘இது வெறும் பெட்டி மாமா’ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நாளைக்கே நிக்காஹ்வை வெச்சிருப்பன்.”