திரும்பி வந்த குப்பைப் பை

மனித குலத்தின் எதிர்காலத்தையே பாதிக்கும் விஷயம் என்பதால், ஜப்பானின் மாட்சுயாமா நகரில் ஒரு தெருச் சங்கம் அவசரமாகக் கூடியது. எரிக்கக்கூடிய குப்பைக்கான பை ஒன்றில் சின்னச் சின்ன உலோகக் குழாய்கள் கிடந்ததால், குப்பை வண்டிக்காரர்கள் சிவப்புச் சீட்டு ஒட்டி அதை விட்டுப் போயிருந்தார்கள். இப்போது அது கூட்டத்தின் நடுவே இருந்தது.

"நம்ம தெருவுக்கே அவமானம்!" என்று முடியைக் கோதிக்கொண்டார் தலைவர் குரோயிவா. கம்பளிக் குல்லாவோடு ஓரமாக உட்கார்ந்திருந்த உஸ்பெகிஸ்தான்காரன் ஷெர்சோத்தைப் பார்த்தார். "ஷெர்சோத்-சான், ஊருக்குப் புதுசு, தெரியாம போட்டிருப்பீங்க. ஒத்துக்கோங்க. இல்லேன்னா உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி ரூமைக் காலி பண்ண வைப்பேன்."

"நான் போடலைங்க."

"பின்னே நாங்களா? நாங்கள்லாம் பிறந்ததிலேருந்து குப்பையைத் தரம் பிரிச்சுப் போடறவங்க!"

"பையைப் பிரிச்சுப் பார்த்துட்டா தெரிஞ்சிடப் போகுது," என்றார் எதிர்வீட்டு ஹிசாயோ.

"சேச்சே, அடுத்தவங்க அந்தரங்கம்!" என்று தலைவர் பதறினார்.

அதற்குள் ஹிசாயோ பிரித்துவிட்டார். அத்தனை குழாயும் தலைச்சாயம். கன்னங்கறுப்பு.

ஷெர்சோத் குல்லாவைக் கழற்றினான். முழு வழுக்கை.

சங்கத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாத் தலையும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

தலைவருடையது மட்டும் கறுப்பு.