இரண்டாவது போல்ட்

அவளுடைய மூன்று விரல்கள் கரும்புச்சாறு மெஷினின் உருளைகளுக்கு நடுவே இருந்தன.

வலி பிறகுதான் வந்தது.

சாறு குடிக்க நின்றவர் ஓடிப்போய் இன்ஜினை நிறுத்தினார். கரும்பு சிக்கினால் சக்கரத்தைப் பின்னால் சுற்றுவது வழக்கம். அதே நினைப்பில் சக்கரத்தில் கை வைத்தார்.

எதிர் வெல்டிங் கடை சேசுராசு கத்திக்கொண்டே சாலையைக் கடந்து வந்தான். சுற்றினால் விரல் மிஞ்சாது என்றான்.

அவன் கையில் சின்ன கட்டிங் மெஷின். பேட்டரியில் ஓடுவது.

போன மாதம் அதை வாங்கி வந்தபோது, பொம்மையா வாங்கியிருக்கிறாய் என்று கேலி செய்தவள் அவள்தான். கடையில் இருந்த பழைய மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். இந்தப் புளியமரத்தடியில் கரண்டுக்கு எங்கே போவது?

மேல் உருளையைப் பிடித்திருந்தவை இரண்டு போல்ட். துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. அறுத்தால் இரும்பு சூடேறும், விரல் வெந்துபோகும். அவளுடைய ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து, கட்டிகளை உருளைமேல் வைத்துப் பிடிக்கும்படி சாறு குடிக்க வந்தவரிடம் சொன்னான்.

பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"சூடு பட்டா உடனே சொல்லுங்கக்கா. பொறுத்துக்கிடாதீங்க."

இதுவரை எல்லோரும் அவளைப் பொறுத்துக்கொள்ளத்தான் சொல்லியிருந்தார்கள். அம்மா, மாமியார், பிரசவம் பார்த்த நர்ஸ்கூட.

தீப்பொறி பறந்தது. முதல் போல்ட் அறுந்தது.

இரண்டாவதில் பாதி போனதும், சுடுகிறது என்றாள்.

உடனே நிறுத்தினான். புது ஐஸ் வைக்கச் சொன்னான். காத்திருந்தான்.

மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் நிறுத்தினான்.

உருளை மேலே வந்தது.

*

ஆயுத பூஜை.

வெல்டிங் கடையில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. அந்தச் சின்ன மெஷினை மட்டும் அவளுக்காக விட்டுவைத்திருந்தான்.

மோதிர விரலால் குங்குமம் எடுத்தாள். நகம் பாதிதான் வளர்ந்திருந்தது. விரல் கொஞ்சம் கோணல். ஆனால் இருந்தது. அது போதும், சாமி.

வலியெல்லாம் போய்விட்டதா என்று கேட்டான்.

வீட்டில் கேட்டவர்களிடம் ஒன்றுமில்லை என்றுதான் இதுவரை சொல்லிவந்தாள்.

"வலிக்குது தம்பி" என்றாள், சிரித்துக்கொண்டே.

பொட்டை நன்றாக அழுத்தி வைத்தாள்.