முதல் பக்கம்

"சாயம் போகாததா ஒண்ணு எடுத்துப் போடு தம்பி. விலையை அப்புறம் பேசிக்கலாம்" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

அவர் கேட்டது துணியில்லை, புது லேப்டாப்புக்கு ஒரு பிரவுசர். முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு எதையும் நாலு விரித்துப் பார்க்காமல் வாங்க வராது. கம்ப்யூட்டர் மெக்கானிக்கும் சளைக்காமல் மூன்றை இறக்கித் திரையில் வரிசையாக வைத்திருந்தான்.

"மூணுமே இலவசம் சார்."

"இலவசமா? அப்ப எங்கேயோ கிழிசல் இருக்கு. வெளிச்சத்துல காட்டு."

மெக்கானிக் சிரித்துவிட்டான். கடைக்காரரின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை. கணவரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஊதித் துடைத்து, காதில் இதமாக மாட்டிவிட்டாள். "இப்ப எழுத்தெல்லாம் தெரியுதா? நல்லாப் பாருங்க. இதை நீங்க தினமும் படிக்கணும்."

இப்படி ஒரு மனைவி எல்லோருக்கும் வாய்க்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டான் மெக்கானிக். அவன் வந்ததுமே வாசலில் நிறுத்தி மெதுவாகச் சொல்லியிருந்தாள்: "அவருக்குத் தலையில அடிபட்டு ரெண்டு வருஷமாச்சு தம்பி. அதுக்கு முந்தினதெல்லாம் கல்வெட்டு மாதிரி இருக்கு. அப்புறம் நடந்தது எதுவும் தங்காது. தூங்கி எழுந்தா துடைச்சுவிட்ட சிலேட்டு. அவர்கிட்ட இதைப் பத்திப் பேச்செடுத்துடாதீங்க."

"கீழே விழுந்துட்டாரா?"

"விழல" என்றவள் அவனை உள்ளே கூட்டிப் போய்விட்டாள்.

"இந்தச் சிவப்பு இருக்கே சார், வேகமா ஓடும். ஆனா மூடினதும் பார்த்ததையெல்லாம் மறந்துடும்."

"மறதிக்காரனைக் கல்லாவுல உட்கார வைக்க முடியுமா? தள்ளி வை" என்றார் கடைக்காரர்.

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்ததைத் தொட்டான். "இது நீலம். ரொம்பப் பத்திரம். எதைத் தொட்டாலும் 'நிச்சயமா?'ன்னு ஒரு தடவை கேட்டுட்டுத்தான் விடும்."

கடைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அதான் வீட்டுலயே ஒண்ணு இருக்கே. ரெண்டு பெக் போட்டுட்டு நான் கார் சாவியைக் கையில எடுத்தா போதும், 'நிச்சயமா?'ன்னு வாசல்ல வந்து நிப்பா. ஸ்டியரிங்கைப் பிடிச்சதும் எனக்குத் தன்னால தெளிஞ்சிடும்னு எத்தனை தடவை சொல்றது? அது சரி, சாவி எங்கே? நேத்துகூட ஆணியில தொங்குச்சே."

"வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு" என்றாள் அவள்.

"பச்சை?" என்று கேட்டார் அவர்.

"பச்சை எதையும் மறக்காது சார். லேப்டாப்பைத் திறந்தா போதும், நாம வெச்ச பக்கத்தைத் தானா விரிச்சு, சத்தமா வாசிச்சும் காட்டும்."

அவள் முன்னால் வந்தாள். "தினமும் அதே பக்கமா?"

"தினமும் அதேதாம்மா."

"இவர் மூடிட்டாருன்னா?"

"மூடட்டும். மறுநாள் திறந்தா மறுபடி வந்து நிக்கும்."

"அப்ப பச்சையே போடுங்க."

"பார்த்தியா, கேட்டதும் முடிச்சுட்டா. ஒரு வார்த்தை பேரம் பேசத் தெரியுதா?" கடைக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இரு, பையனை எழுப்பறேன். இந்த விஷயமெல்லாம் அவனுக்குத்தான் அத்துப்படி. அவனும் ஒரு பார்வை பார்த்துடட்டும்."

"தூங்கட்டுமே" என்றாள்.

"மணி ஒன்பதாச்சு, இன்னும் என்ன தூக்கம்?" என்று முனகியபடி மாடிப்படிப் பக்கம் நடந்தார்.

அவர் காது எட்டாத தூரம் போனதும் அவள் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். "இத்தனை நாளா காலையில நான்தான் அவருக்குச் சொல்லிட்டிருந்தேன். சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப் போச்சு தம்பி. இனிமே இது பார்த்துக்கட்டும்."

தேதி, மாத்திரை வேளை, சொந்தக்காரர் பெயர்கள் என்று மெக்கானிக் மனசுக்குள் பட்டியல் போட்டான். "முதல் பக்கமா எதை வைக்கட்டும்?"

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். எழுத்தும் எண்ணுமாக ஒரு முழ நீளத்துக்கு இருந்த முகவரியை, எந்தச் சீட்டையும் பார்க்காமல் தட்டி முடித்தாள்.

ரெண்டு வருஷத்துப் பழைய செய்தி ஒன்று விரிந்தது. அப்பளமாக நொறுங்கிய ஒரு கார். அதன் கீழே, கடைக்காரரின் மூக்கை அப்படியே உரித்து வைத்த ஒரு இளைஞன். 'குடிபோதையில் தந்தை ஓட்டிய கார் லாரி மீது மோதியது, மகன் பலி.'

மெக்கானிக்கின் கை விசைப்பலகைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. மாடிப்படியின் கீழே நின்று கடைக்காரர் மேலே பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். "எழுந்து வாடா, உங்கம்மா பேரம் பேசாம முடிச்சுட்டா."

"அம்மா, இது அவருக்குத் தினமும் புதுச் செய்தியாச்சே."

"ஆமா."

"தினமும் முதல் தடவை கேட்கற மாதிரி அழுவாரே."

"அழுவார். சாயங்காலம் வரைக்கும் அழுவார். இன்னிக்கு நீங்க வர்றதால அதை இன்னும் அவர்கிட்ட சொல்லல. அதான் சிரிச்சுட்டிருக்கார்."

திரையின் மூலையில், இந்தப் பக்கத்தையே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்டுக்கொண்டு நின்றது. மெக்கானிக் அதைத் தொடவில்லை.

"நிச்சயமாம்மா?"

அவள் கை நீட்டித் தானே அழுத்தினாள்.

"அன்னிக்கு வாசல்ல நானும் அதையேதான் கேட்டேன் தம்பி."