ஒரு அலறல் தேவை

தொழிலாளர் பாதுகாப்புக்காக எடுத்த படம் அது. தகடு உருட்டும் மெஷினில் ஒருவன் கை சிக்கும் காட்சி திரையில் ஓடியது. முகம் கிடையாது, கை மட்டும்தான். அதற்கு அலறல் கொடுக்கும் வாய்ப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார் ஒரு பட்டறைக்காரர்.

மைக் முன்னால் நின்றவர் மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்தார். அவ்வளவுதான்.

"என்னண்ணே, வெந்நீர்ல விரல் பட்ட மாதிரி இருக்கு. கையே போகுது. அடிவயித்துலருந்து கத்துங்க" என்றார் ஒலிப்பதிவாளர்.

மறுபடியும் அதே மூச்சு. மூன்றாம் முறையும் அதேதான்.

இயக்குநர் எழுந்து வந்தார். "முகத்தையே காட்டலை. சத்தம்தான் பார்க்கிறவனை உலுக்கணும். கூச்சமா இருந்தா சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

"கூச்சமில்ல சார். நிஜத்துல இவ்வளவுதான் கேக்கும். நீங்க அலறலைப் போட்டா, படம் பார்க்கிறவனும் நாளைக்கு மெஷின்கிட்ட அலறல் வரட்டும்னு காத்துக்கிட்டு நிப்பான்."

"அப்படி எவன்யா நிப்பான்?"

பட்டறைக்காரர் திரையில் உறைந்து நின்ற கையைப் பார்த்தார்.

"நான் நின்னேன் சார். என் தம்பி எதிர்ல தகடு தள்ளிக்கிட்டிருந்தான். இந்த மூச்சு கேட்டுச்சு. தகடு கனம், அதான் மூச்சுப் பிடிக்கிறான்னு நினைச்சேன். ஏதாச்சும்னா கத்துவான், நிறுத்திடலாம்னு இருந்தேன்."

"நிறுத்தறதுன்னா?"

"சுவிட்ச் என் கையிலதான் சார் இருந்துச்சு."